புது சைலன்சர்

கப்பலில் வந்த புது சைலன்சரைச் சாக்கில் சுற்றி, பழைய டயர்களுக்கு அடியில் பட்டறை வேலையாள் நாகமுத்து தள்ளியதைப் பழனிசாமி தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டார். வாயிலிருந்த டீ கசந்து போயிற்று.

அபர்தீன் பஜாரில் அவர் பட்டறை போட்ட நாளிலிருந்து, அங்கே ஒரு நட்டு காணாமல் போனது என்று யாரும் சொன்னதில்லை. மெயின்லேண்டிலிருந்து கடல் தாண்டி ஒரு சாமான் வந்து சேர மாதக்கணக்காகிற தீவு இது. அந்த நல்ல பெயர்தான் அவருக்குச் சோறு போட்டது. அதில் மண்ணள்ளிப் போட ஒருத்தன் கூடவே இருந்திருக்கிறான்.

கேட்டுவிடலாம் என்று எழுந்தார். அதற்குள், அந்தச் சைலன்சர் மாட்ட வேண்டிய ஜீப்பின் சொந்தக்காரர் ஜம்புலிங்கம் வந்துவிட்டார். சௌல்தாரி கிராமத்தில் குடியிருந்துகொண்டு மரக் கான்ட்ராக்ட் எடுக்கிறவர். கூடவே பஸ்ஸில் வந்த மனைவி சந்திரமதி, முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"பல்லு வலியாம். ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஜம்புலிங்கம் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அது அவள் காலடியில் விழுந்தது. அவள் நகரக்கூட இல்லை.

பிரித்துப்போட்ட எஞ்சின் பெஞ்சின் மேல் கிடந்தது. பழனிசாமி முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"பிளாக்கை போர் பண்ணியாச்சுங்க. அதுக்குத் தக்கன பெரிய பிஸ்டன், ரிங், பேரிங், எல்லாம் ஏக்தம் புதுசு. ஹெட்டைக் கொஞ்சமா சீவி விட்டாப் போதும், ஏத்தத்துல நல்லா இழுக்கும்."

"கொஞ்சமா எதுக்கு? நல்லா சீவு. கார்பரேட்டரும் பெருசாப் போடு. முன்னாடி ஒரு வண்டி போகக்கூடாது."

"தினம் ஓடற வண்டிங்க இது. ரொம்பச் சீவினா எஞ்சின் தட்டும், பிஸ்டன் போயிரும். கார்பரேட்டரும் பழசே இருக்கட்டும், பெட்ரோல் விடற ஜெட்டை மட்டும் ஒரு சைஸ் ஏத்தித் தர்றேன்."

ஜம்புலிங்கம் கீழே இருந்த பிஸ்டன் டப்பாவைக் காலால் புரட்டிப் பார்த்தார். பழனிசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழில் சாமானைக் காலால் தொடுகிறவனை அவர் மனுஷனாகவே மதிப்பதில்லை. ஆனால் பட்டறைக்குள் திருடனை வைத்துக்கொண்டு வெளியாளை என்ன சொல்வது?

"தீக் ஹை, என்னமோ பண்ணு. சைலன்சர் எங்க? எனக்கு அதான் முக்கியம். எங்க ஊர்ப் பாலத்துல ஏறும்போதே நான் வர்றது ஊருக்கெல்லாம் கேக்குது. வாசல்ல வந்து நிக்கற வரைக்கும் ஒருத்தருக்கும் மாலும் ஆகக்கூடாது, தெரியவே கூடாது."

பழனிசாமி நாகமுத்துவைப் பார்த்தார். கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்றுதான் வாயைத் திறக்காமல் இருந்தார்.

"அது வரலைங்க" என்றான் நாகமுத்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "பழசையே பத்த வெச்சு மாட்டிடறேன். அடுத்த கப்பல்ல பாத்துக்கலாம்."

"போன கப்பலுக்கும் இதைத்தானடா சொன்னே!"

ஜம்புலிங்கம் இந்தியில் கொஞ்சமும் தமிழில் நிறையவுமாகத் திட்டிவிட்டு எதிர்சாரிப் பான் கடைக்குப் போனார். மனைவியை வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவள் ஒரு மரப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நாகமுத்து டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தான். குனிந்து ஏதோ காதோடு சொன்னான். அவள் தலையாட்டினாள்.

அவனும் சௌல்தாரிக்காரன்தான், அவர்களுக்கு அடுத்த வீடு. கல்யாணமானவன் வேறு. திருட்டு மட்டும்தான் என்று நினைத்தால் இந்தக் கூத்தும் நடக்கிறதா என்று பழனிசாமிக்கு உடம்பே கூசியது. இவன் கையால் எத்தனை நாள் டீ வாங்கிக் குடித்திருக்கிறோம்!

நேராகப் போய் டயர்களைத் தள்ளி, சாக்கை உருவினார். புது சைலன்சர் பளபளவென்று வெளியே வந்தது.

"என்னடா இது?"

"அண்ணே... மெதுவாப் பேசுங்க."

"எவனுக்கு விக்கப் பதுக்கி வெச்சே?"

"விக்கறதுக்கு இல்லண்ணே."

"பின்னே அழகு பாக்கவா? அப்ப போன கப்பல்ல வந்தது?"

நாகமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "அதைக் கடல்ல போட்டுட்டேண்ணே."

பழனிசாமி தன் ஆயுளில் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறார். இவ்வளவு கேவலமான பொய்யைக் கேட்டதில்லை. கொஞ்சம் நம்புகிற மாதிரியாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?

"த்தூ! நாளைலேருந்து பட்டறைப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. இப்பவே அவர்கிட்டக் குடுத்து, கால்ல விழுந்தாவது என் பேரைக் காப்பாத்திக்கறேன்."

சைலன்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பான் கடையில் ஜம்புலிங்கம் முதுகைக் காட்டி நின்று யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயா!" என்று கூப்பிடப் பழனிசாமி வாயெடுத்தார்.

சந்திரமதி ஓடிவந்து குறுக்கே நின்றாள். இரண்டு கையாலும் சைலன்சரை இறுகப் பிடித்துக்கொண்டாள். முந்தானை நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்த அந்தக் கன்னத்தைப் பார்த்ததும், பழனிசாமி பான் கடைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

அவள் கெஞ்சினாள்:

"இதை மாட்டிடாதீங்கண்ணே... சத்தம் கேட்டாத்தான், அவர் வர்றதுக்குள்ள புள்ளைங்கள நாகமுத்தண்ணன் வீட்டுல ஒளிச்சு வெக்க முடியுது!"