கசப்பு மறந்த பூஞ்சை

வாகை மரப் பட்டையில் ஒரு பூஞ்சை வாழ்ந்துவந்தது. அதில் ஊறும் கசப்பு புற்றுநோய்க் கட்டிக்கு மருந்தாகும் என்று நம்பிய ஆராய்ச்சிக்காரி பொற்கொடி, அதைக் கிள்ளி வந்து கண்ணாடிக் குடுவையில் சர்க்கரைத் தண்ணீர் விட்டு வளர்த்தாள். குடுவையை ஓர் இயந்திரம் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தது.

இருந்த இடத்திலேயே சாப்பாடு கிடைக்கவும் பூஞ்சை கொழுகொழுவென்று வளர்ந்தது. பொற்கொடி சோதித்துப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கசப்பே இல்லையே! இப்படியே இருந்தா கொட்டிட வேண்டியதுதான்."

பூஞ்சை பதறிப்போனது. "அண்ணே, நான் என்ன தப்பு செஞ்சேன்? ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சேனே!"

"எனக்கு ஆட்டத்தான் தெரியும் தம்பி" என்றது இயந்திரம்.

மறுநாள் பொற்கொடி சர்க்கரையைக் குறைத்துவிட்டு, குடுவைக்குள் கொஞ்சம் பாக்டீரியாவை விட்டாள். அவை பூஞ்சையை மொய்த்துக் கடித்தன. வலி பொறுக்காமல் அது ஆத்திரத்தோடு எதையோ கக்கியது. பாக்டீரியா எல்லாம் சுருண்டு செத்தன.

பொற்கொடி மறுபடி சோதித்தாள். "கசப்பு வந்துடுச்சு! என் தங்கமே!" என்று குடுவையைக் கொஞ்சினாள். "நாளைக்கும் கொஞ்சம் பாக்டீரியா விடணும்."

பூஞ்சைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அண்ணே, இந்தம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?"

இயந்திரம் இரண்டு சுற்று யோசித்தது.

"பிடிச்சதனாலதான் நாளைக்கும் விடறாங்க போல" என்றது.