இருநூற்று எழுபத்தொன்றின் மீதி

சிலேட்டில் எழுதியதைக் கணவர் பார்ப்பதற்குள் பூவம்மா முந்தானையால் அழித்தாள்.

"மீதி எவ்வளவு?" நோட்டிலிருந்து தலை நிமிராமல் சேதுபதி கேட்டார்.

"நாற்பதுங்க."

பொய். 26,83,171-ஐ 271-ஆல் வகுத்தபோது மீதியே வரவில்லை.

பிறந்த ஒன்பதாம் நாள் குழந்தை போனதிலிருந்து சிங்கப்பூர் நோரிஸ் ரோட்டு மாடியறையில் பேச்சு நின்றுபோயிருந்தது. தமிழ்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாரான சேதுபதி ஒரு மாலை இந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் கொண்டுவந்தார். இது எதாலும் வகுபடாத பகா எண்ணா என்று பார்க்க வேண்டும், நீ வகுத்துக் கொடு என்றார்.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று நாளுக்கு ஒரு பகா எண். அவள் வகுத்து மீதியைச் சொல்வாள். அவர் பெருக்கிச் சரிபார்த்து எழுதுவார். அதையொட்டி பள்ளிக்கூட வம்பு, டேக்கா மார்க்கெட் மீன் என்று நாலு வார்த்தை வரும். எண் வகுபட்டு உடைந்தால் நோட்டை மூடிவிடுவார். அவர் மறுபடி ஊமையாகிவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

அன்று அவர் சரிபார்க்கவில்லை. நாற்பது என்று எழுதிக்கொண்டார்.

அதன்பின் அவள் சரியாகத் தூங்கவில்லை. சேதுபதியுடன் வேலை பார்க்கும் அப்துல் முத்தலிப் வந்து, முடிந்ததும் மதராஸ் கணிதப் பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்றார். அங்கே யாராவது வகுத்துப் பார்த்தால் இவர் பெயர் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

ஆறரை மாதம் கழித்து 1637-க்கு வந்தார்கள். அதுதான் கடைசி. அதைவிடப் பெரிய எண் ஒன்று வகுப்பதாயிருந்தால், அதன் ஜோடியான சின்ன எண் முன்பே அகப்பட்டிருக்கும்.

மீதியைச் சொன்னாள். அவர் எழுதிப் பேனாவை மூடினார். அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"271-ல மீதி வரலைங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்படிங்க?"

"271-ஐயும் 9901-ஐயும் பெருக்கி அந்த எண்ணைச் செஞ்சதே நான்தான்."

"எதுக்குங்க?"

"271 வர ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்குமாவது நீ வாயைத் திறந்து பேசுவியேன்னு."