நாலு குழாய் ரத்தம்

"நாலு குழாய் ரத்தமா? எதுக்கு? எடுத்து விக்கிறதுக்கா?"

வெல்டிங்காரர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா ஐயா" என்று குனிந்தாள் நர்ஸ். "மாத்திரை கிருமியை நல்லாவே அடக்கி வெச்சிருக்கு. ஆனாலும் எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு ரத்தத்துக்குள்ள ஒரு புகைச்சல் இருந்துகிட்டே இருக்கும். அது மெல்ல மெல்ல இதயத்துக் குழாயை அரிக்கும். மாரடைப்பு வர வாய்ப்பு எவ்வளவுன்னு அந்த ரத்தமே ஓரளவு சொல்லிடும். அதுக்குத்தான் இந்தப் புது டெஸ்ட்."

"போன மாசம் எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் பல்லை இளிச்சாரே, அது பொய்யா?"

"அது கிருமிக் கணக்கு. இது நெஞ்சுக் கணக்கு."

"ஓகோ. மேல பத்தவெச்சது பளபளன்னு இருக்கும், உள்ள காத்துக் குமிழி. ஒரு நாள் பாரம் ஏத்தும்போது பட்டுன்னு விட்டுடும். அப்படித்தானே?"

"அதேதான். முன்னாடியே தெரிஞ்சா மருந்து இருக்கு. தெரியலன்னா..." நர்ஸ் டோக்கன் சீட்டை நீட்டினாள்.

நாற்பது வருஷம் நெருப்புப் பொறிக்கு அசராத மனுஷர் அந்தச் சீட்டை வாங்கி எட்டாக மடித்தார். "கெட்டதா வந்தா என்கிட்டதான் சொல்லணும். இவகிட்ட மூச்சு விடக் கூடாது. தாங்க மாட்டா."

"ஆமா, இவரு ரொம்பத் தாங்கிடுவாரு!" என்றாள் மனைவி. "டெஸ்ட்னு சொன்னதுலேர்ந்து வீட்டுக்கும் வாசலுக்கும் நடைதான் நர்சம்மா. நேத்திலேர்ந்து சோறு எறங்கல."

அடுத்த நாற்காலியில், சர்க்கரைக்குப் பார்க்க வந்திருந்த அவர்கள் தெரு மளிகைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இப்போது மெல்ல எழுந்து நாலு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"என்ன மொதலாளி, ஒட்டிக்கும்னு பயமா? வேலை வேலைன்னு ஊர் ஊராப் போனவன், வாங்கிட்டு வந்துட்டேன். உனக்கென்ன? இருபத்துநாலு வருஷமா நானும் இவளும் ஒரே தம்ளர்லதான் குடிக்கிறோம். ஒட்டிச்சா?"

மளிகைக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். வெல்டிங்காரர் வராந்தா முழுக்கப் பார்க்கும்படி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மனைவியும் நர்சும் பின்னாலேயே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே போனதும் சுருட்டிய கையை இறக்கிவிட்டு அவர் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிய மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஆபரேஷனுக்கு ஏத்தின ரத்தத்துல எனக்கு வந்தது. அதுக்கு நீங்க ஏங்க ஊர்ப் பேச்சை வாங்கிக் கட்டிக்கிறீங்க?"

"என் பேருதானே, கெட்டுட்டுப் போகுது. நர்சம்மா, நாலு குழாய் என்ன, எட்டு வேணும்னாலும் எடு, இவ நெஞ்சு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடு."