வெர்னான்தான் வெர்னான்

பாம்! பாம்!

கார் ஷெட்டுக்குள்ளிருந்து ஹாரன் இரண்டு முறை அலறியது. பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது.

காருக்குள் உட்கார்ந்திருந்த லோர்னா எங்கும் கிளம்பவில்லை. தன் கணவன் வெர்னான், வெர்னான்தான் என்று நிரூபிக்க உதவி செய்துகொண்டிருந்தாள்.

இரண்டு ஹாரன் என்றால் இரண்டாவது விடை.

போன வருஷம்வரை இந்தக் கூத்து இல்லை. பத்திரம் என்றால் ஊர் வங்கிக்குப் போவார்கள். நோட்டரி மார்சியா, "என்ன வெர்னான், முழங்கால் தேவலையா?" என்பாள். லைசென்ஸைப் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பாள். முத்திரை விழும்.

மார்சியாவை அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் காபி இயந்திரம் வைத்துவிட்டார்கள். பாதுகாப்பாம்.

இப்போது நோட்டரி திரையில்தான் வருவார். அதற்கு முன்னால், பழைய பதிவுகளையெல்லாம் கிளறி கணினி ஐந்து கேள்வி கேட்கும். நாலு சரியென்றால் நீங்கள் நீங்கள்தான். இல்லாவிட்டால் வேறு யாரோ.

காலையில் வெர்னான் வேறு யாரோ ஆகிவிட்டான்.

பின்னால் நின்று லோர்னா விடை கிசுகிசுத்ததில் அவள் முழங்கை கேமராவில் தெரிந்துவிட்டது. திரை சிவந்தது. தேர்வு ரத்து.

"உன் வாழ்க்கையைப் பத்தித்தானேய்யா கேக்குது! அதுவுமா தெரியாது?"

"அதையெல்லாம் நீதானே பாத்துக்கிட்டே!"

மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. ஐந்து மணிக்குள் கையெழுத்து ஆகாவிட்டால் வீட்டை வாங்குகிறவர்கள் விலகிவிடுவார்கள். மூன்று வருஷமாக விலைபோகாத வீடு. ஓஹையோ பனியில் இன்னொரு குளிர்காலத்தை லோர்னாவின் இடுப்பு தாங்காது. புளோரிடாவில் மகள் அறையைக்கூடத் தயார் செய்துவிட்டாள்.

அதனால்தான் ஹாரன். கேள்வியை வாய்விட்டுப் படிக்கக்கூடாது என்று சட்டம் இல்லையே. வெர்னான் ஜன்னலோரம் உட்கார்ந்து, தேவாலயத்தில் வேதம் வாசிப்பதுபோல் வாசித்தான்.

முதல் கேள்வி, தொண்ணூற்றெட்டில் வாங்கிய டிரக் என்ன கம்பெனி? டிங்! சரி.

வீட்டுக்கடன் எந்த மாதம் தொடங்கியது? லோர்னா மூன்று முறை அழுத்தினாள். டிங்!

மூன்றாவதில், தெருவில் போன பார்சல் வண்டியும் ஒரு ஹாரன் அடித்துத் தொலைத்தது. வெர்னான் அதையும் சேர்த்து எண்ணிவிட்டான்.

டொய்ங்.

இனி ஒன்றுகூடத் தப்பக்கூடாது.

"நாலாவது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கீழ்க்கண்டவற்றில் எந்த முகவரியில் வசித்தீர்கள்?"

கணீரென்று தொடங்கிய குரல், முகவரிகளைப் படிக்கும்போது தேய்ந்தது. மூன்றும் டொலீடோ நகரத்துத் தெருக்கள்.

லோர்னாவின் கை ஹாரன்மேல் அப்படியே நின்றது.

டொலீடோவா? முப்பத்தொரு வருஷமாக இதே வீடு. டொலீடோவுக்கு அவன் வாரத்தில் இரண்டு நாள் வேலையாகப் போய்வந்ததோடு சரி. இந்த அதிமேதாவிக் கணினி வேறு எவனையோ இவன் என்று நினைத்துவிட்டது. எதை அழுத்துவது? போயிற்று, எல்லாம் போயிற்று.

டிங்!

ஐந்தாவது கேள்வியை அவள் பாதிதான் கேட்டாள். பழக்கத்தில் கை ஒருமுறை அழுத்தியது. டிங்!

அவள் உள்ளே வந்தபோது வெர்னான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். திரையில் டை கட்டிய இளம் நோட்டரி முகம் மலர்ந்து வந்துவிட்டார்.

"வாழ்த்துகள் சார்! நீங்க யாருன்னு சந்தேகமில்லாம உறுதியாயிடுச்சு. மேடம், மனைவிங்கிற முறையில நீங்களும் கையெழுத்துப் போடணும். வர்றீங்களா?"

லோர்னா திரையைப் பார்க்கவில்லை.

"நாலாவதுக்கு நான் ஹாரனே அடிக்கலையே, வெர்னான்."