பன்னிரண்டாவது அலமாரி

புரோகிரசிவ் ராக் என்ற மேற்கத்திய இசையின் தட்டுகளை மட்டுமே விற்கும் கடை அது. ஸ்பேஸ் ராக், ஜாஸ் ஃப்யூஷன் என்று அந்த இசையின் பதினோரு உட்பிரிவுகளுக்குப் பதினோரு அலமாரிகள்.

கடைக்காரரின் மனைவி ஓர் ஆடியோ அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: ‘இது என்னன்னு உடனே சொல்லுங்க.’

கடைக்காரரும், கூட வேலை பார்க்கும் மச்சானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

“ஆரம்பத்துல என்னமா ஒரு விசில்! சந்தேகமே இல்ல, ஸ்பேஸ் ராக்!” என்றார் கடைக்காரர்.

“போங்க மாமா! தாளம் ஏழுல ஓடி, திடீர்னு அஞ்சுக்குத் தாவுது. இது ஜாஸ் ஃப்யூஷன்!”

“ஃப்யூஷனா? சாக்ஸஃபோன் எங்கடா?”

“இத்தனை வருஷம் கடை நடத்தியும் உங்களுக்குக் காது வளரலையே மாமா!”

“என் கடையில நின்னுக்கிட்டு என் காதையே குறை சொல்றியா? வெளிய போடா!”

“போறேன். அதுக்கு முன்னாடி அக்காவையே கேளுங்க.”

கடைக்காரர் மனைவிக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். “நீயே தீர்ப்பு சொல்லும்மா. ஸ்பேஸ் ராக்கா, ஃப்யூஷனா?”

“வாஷிங் மெஷினுங்க! முக்கால் மணி நேரமா இப்படித்தான் கத்துது, வீடெல்லாம் தண்ணி. மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் ஓடிப்போய்ச் சுவரோரம் புது அலமாரிக்கு இடம் ஒதுக்கத் தொடங்கினான்.

“ஐயோ, மெக்கானிக்கைக் கூப்பிட்டுடாதே!” என்று அலறினார் கடைக்காரர். “முதல்ல ரெண்டாம் பாகத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு!”