ஆறு வருடச் சான்று

இறந்துபோன பழைய மாணவர்களின் குரலை, தரச்சான்றுக் குழு வரும் நாளில் மட்டும்தான் கல்லூரி எழுப்பலாம். படிப்பு எப்படி இருந்தது என்று குழு அவர்களிடமும் கேட்கும்.

“நீரியல் ஆய்வகத்துல என்னம்மா கத்துக்கிட்டீங்க?” என்றார் குழுத் தலைவர்.

“பம்பை நம்பலாம், பக்கத்துல நிக்கிற பையனை நம்பக் கூடாதுன்னு சார். தண்ணியை என் மேல திருப்பி விட்டுட்டான். கடைசியில அவனையே கட்டிக்கிட்டேன்.” ஒலிபெருக்கியில் செண்பகா சிரித்தாள்.

இப்போது அதே ஆய்வகத்தின் ஆசிரியராக இருக்கும் அந்தப் பையன் தயாளன், சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

துறைத்தலைவர் அவன் காதருகே குனிந்தார். “ஆறு வருஷச் சான்று உறுதிப்பா! அதுவரைக்கும் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். குறை இருந்தாத்தான் மூணு வருஷத்துல திரும்ப வருவாங்க.”

குழுத் தலைவர் தயாளனைப் பார்த்தார். “ஆய்வகத்துல ஏதாவது குறை உண்டா?”

ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு சோதனையையும் அவனே கூட நின்று நடத்தியிருந்தான்.

“இருக்கு சார். பாதிச் சோதனைகளை நான் நடத்தவே இல்லை.”

துறைத்தலைவரின் முகம் வெளுத்தது.

“அப்படீன்னா மூணு வருஷத்துல நாங்க மறுபடியும் வரணுமே” என்றார் குழுத் தலைவர்.

“கட்டாயம் வாங்க சார்” என்றான் தயாளன்.