ஒப்புக்கொள்ளாத கேமரா

ஜெசிந்தாவின் விலையுயர்ந்த பேசும் கேமராவில் எல்லா முகமும் கலங்கலாகவே விழுந்தது. மறுநாள் அவள் தங்கையின் கல்யாணம். படமெடுக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் பழுது என்று கேமராவே தன் வாயால் சொன்னால்தான் அதைத் தயாரித்த நிறுவனம் சரிசெய்யும். வாங்கியவர் பேச்சு எடுபடாது.

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. உங்க தங்கச்சிதான் தெளிவா இல்ல,” என்றது அது.

“அடி வாங்கப்போற!” என்று சிரித்தாள் ஜெசிந்தா.

பாவம், தன் லென்ஸைத் தன் லென்ஸாலேயே சோதித்தால் உலகம்தானே கலங்கித் தெரியும்? அவள் அதைத் தூக்கிப்போய் நிலைக்கண்ணாடி முன் வைத்தாள்.

“இது யாரு?”

“நான்தான்க்கா. ஐயோ, கலங்கலா இருக்கேனே! நான் அப்படி இல்லையே!”

“அப்ப கோளாறு எங்க?”

“என் லென்ஸுலதான்க்கா.”

அந்த வாக்குமூலம் இணையம் வழியே போய்ச் சேர்ந்ததும், நிறுவனம் அங்கிருந்தபடியே லென்ஸின் ஃபோகஸைச் சரிசெய்தது.